பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்த அதிகாரி



தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டைக்கு அடுத்தது பல்லாவரம். தினமும் அந்த வழியே போய் வருகிறோம். குழந்தைகளின் வரலாற்றுப் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பழைய கற்காலம் என்ற பாடத்தில் பல்லாவரம் என்ற பெயர் இருக்கும், பக்கத்திலேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பெயரும் இருக்கும். தேர்வுக்காக இந்த இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தவர்கள் நம்மில் பலர். அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஃபூட் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தின் செல்டென்ஹாம் நகரில் பிறந்தவர். இந்தியாவின் மண்ணையும் பாறையையும் கனிமங்களையும் ஆராய்ந்து வரைபடம் போடுவதற்காக, 1851-ல் தாமஸ் ஓல்ட்ஹாம் தலைமையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடங்கியது. அந்தத் துறையில் ஃபூட் 1858-ல் சேர்ந்தார், வயது 24. அவருக்குக் கிடைத்தது மதராஸ் மாகாணம். நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே என்று அரசாங்கத்துக்குச் சொல்வதுதான் வேலை. அந்த அரசாங்கம் வெள்ளைக்காரர்களுடையது. கிடைக்கும் பலனும் முதலில் அவர்களுக்குத்தான். இதை மறைக்க வேண்டியதில்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் சர்வீஸ் முடிந்ததும் பென்ஷன் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறிவிடுவார்கள். ஃபூட் அப்படிப் போகவில்லை. வாழ்க்கையின் மீதி 54 ஆண்டுகளும் அவருக்கு இந்த நாட்டோடுதான் கழிந்தன.

1863, மே 30

அப்போது ஐரோப்பாவில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. மனிதன் தோன்றி சுமார் ஆறாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்று அங்கே பலரும் நம்பியிருந்தார்கள். பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு மனிதன் செதுக்கிய கற்களும் சேர்ந்து கிடைத்தன. 1859-ல் ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். டார்வினின் நூல் வந்ததும் அதே ஆண்டில்தான். இந்தச் செய்திகளெல்லாம் ஃபூட்டை எட்டியிருந்தன. நாம் சுற்றும் ஊர்களிலும் இப்படி இருக்காதா என்ற கேள்வியோடுதான் அவர் நடந்தார்.

1863 மே 30. அக்னி நட்சத்திர வெயில் எப்படி இருக்கும் என்பதை நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லாவரம் கன்டோன்மென்டில் ராணுவத்தினர் அணிவகுக்கும் மைதானத்தில், சரளை எடுக்கத் தோண்டிய சிறிய குழி ஒன்று இருந்தது. அதிலிருந்து வெளியே கொட்டிய குவியலில் ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது. இயற்கையாக உடைந்த கல்லுக்கு அந்த வடிவம் வராது. ஒரு மனிதக் கை அதைத் தட்டித் தட்டிச் செதுக்கியிருந்தது.

இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அறிந்து அடையாளம் கண்ட முதல் கல் அதுதான். ஃபூட்டுக்கு அப்போது வயது 28.

ஒரு கல்லை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது என்பது ஃபூட்டுக்கும் தெரியும். தற்செயல் என்று யாரும் ஒதுக்கிவிடலாம். ஆகவே தேடலை நிறுத்தவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, சக அதிகாரி வில்லியம் கிங்கோடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் கொசஸ்தலை ஆற்றுப் பகுதிக்குப் போனபோது, அத்திரம்பாக்கம் என்ற சிற்றூரில் அதே போன்ற கற்கருவிகள் நிறையக் கிடைத்தன. மேலே கிடந்தவை மட்டுமல்ல, சரளைப் படிவத்துக்கு உள்ளே பதிந்திருந்தவையும் உண்டு. அந்தப் படிவம் படிவதற்கு முன்பே இங்கே மனிதன் இருந்திருக்கிறான் என்று அதற்குப் பொருள். 1866-ல் ஃபூட் இதை விரிவான கட்டுரையாக மதராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் வெளியிட்டார்.

எவ்வளவு பழமை என்று கணக்கிடும் வழி அன்று கிடையாது. அது வருவதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின. சாந்தி பப்பு தலைமையிலான குழு அத்திரம்பாக்கத்தில் முறையாக அகழ்ந்து, நவீன முறைகளில் காலத்தைக் கணித்து 2011-ல் முடிவை வெளியிட்டது. அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். ஆயிரம் அல்ல, லட்சம். அந்தக் கைக்கோடரி வகைக்கு 'மதராஸ் மரபு' என்றே உலக ஆய்வாளர்களிடையே பெயர் நிலைத்தது.

மாமனார் சேர்த்தது பழமொழி, மருமகன் சேர்த்தது கல்

ஃபூட்டின் குடும்பத்திலும் தமிழுக்கு ஒரு தொடர்பு உண்டு. அவர் மணந்த எலிசபெத் ஆன், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தி, ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். பின்னால் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டார். கடைசிக் காலத்தை ஏற்காட்டில் கழித்தார்.

எலிசபெத் 1870-லேயே காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து ஃபூட் மறுமணம் செய்துகொண்டார். ஆண்டில் பல மாதம் கூடாரத்தில் தங்கி, குதிரையிலும் நடையிலுமாகச் சுற்றும் உத்தியோகம் அது. அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எவ்வளவு கடினம் என்று, ஊர் ஊராக மாற்றலாகிப் போன நம் குடியிருப்பு வங்கிக்காரர்களையும் ரயில்வேக்காரர்களையும் கேட்டால் தெரியும்.

வேலை வேறு, விருப்பம் வேறு

சம்பளம் வாங்கும் வேலையில் ஃபூட் குறை வைக்கவில்லை. தென்னிந்தியாவின் பல மாவட்டங்களுக்கு நிலவியல் அறிக்கை எழுதினார்; மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களைப் பற்றிய அறிக்கை 1883-ல் வந்தது. கர்நாடகத்தின் பழமையான பாறை வரிசைகளைத் தனியாகப் பிரித்து, 'தார்வார்' என்று பெயர் வைத்தவரும் அவரே. கோலார் தங்கம் அந்தப் பாறை வரிசையைச் சேர்ந்ததுதான். 1884-ல் கர்னூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளை ஆராய்ந்தார். ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்த அவர் மகன் ஹென்றி அந்த வேலையைத் தொடர்ந்தார்.

இதற்கு நடுவில்தான் தொல்பொருள் தேடல். பெல்லாரிப் பக்கம் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் உண்டு. புராணத்து ராட்சதரை எரித்த சாம்பல் என்பது ஊர்க்கதை. ஃபூட் அதை ஆராய்ந்து, புதிய கற்கால மக்கள் மாட்டுச் சாணத்தை எரித்த சாம்பல் என்றார். பல பத்தாண்டுகள் கழித்து நடந்த அகழாய்வுகள் அவர் சொன்னதையே உறுதி செய்தன.

வங்கியில் 30 ஆண்டுகளுக்கு மேல் பேரேடு பார்த்தவன் என்ற முறையில், இந்த மனிதரிடம் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. வவுச்சர் இல்லாத பதிவுக்கு எங்கள் தொழிலில் மதிப்பில்லை. கல்லும் அப்படித்தான். எந்த ஊரில், எந்தப் படிவத்தில் கிடைத்தது என்று எழுதி வைக்காவிட்டால் கற்கோடரியும் வெறும் கல்லே. ஃபூட் எடுத்த கற்களுக்கு ஊர்ப் பெயரோடு கணக்கு வைத்தார். நூற்றுக்கணக்கான இடங்கள் அப்படித்தான் நம் வரலாற்றில் ஏறின. அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் அவர் நின்ற இடத்துக்கே திரும்பிப் போய் மேற்கொண்டு தோண்ட முடிந்தது.

ஓய்வுக்குப் பிறகு

33 ஆண்டு சர்வீஸுக்குப் பிறகு, துறையின் மூத்த அதிகாரிகளில் ஒருவராக 1891-ல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. பரோடா சமஸ்தானம் அழைத்தது, போனார். அடுத்து மைசூர் சமஸ்தானம் புதிதாகத் தொடங்கிய நிலவியல் துறைக்குத் தலைமை ஏற்றார். பிறகு ஏற்காட்டு வீட்டில், தாம் சேர்த்ததை வகைப்படுத்தி எழுத உட்கார்ந்தார்.

தம் சேகரிப்பை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அருங்காட்சியகம் அதை விலை கொடுத்து வாங்கியது. அதைவிட அதிக விலை லண்டனில் கிடைத்திருக்குமோ என்னவோ. கற்கள் எழும்பூரில் தங்கின என்பதுதான் நமக்கு முக்கியம். அந்தச் சேகரிப்புக்கான விளக்கப் பட்டியல் இரண்டு பகுதிகளாக 1914-லும் 1916-லும் வெளிவந்தது. அச்சில் பார்க்க அவர் இல்லை. 1912 டிசம்பர் 29 அன்று, 78-வது வயதில் கல்கத்தாவில் காலமானார். அவருடைய அஸ்தி ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கோடையில் ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விட்ட பிறகு அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.

நமக்கு இதில் என்ன?

2021-ல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் பல்லாவரமும் சேர்ந்துவிட்டது. அந்த வகையில் இது நம் மாநகராட்சிக் கதை. ஆனால் நம் பகுதியில் குன்றுகள் பல கல்குவாரியாகிக் கரைந்துவிட்டன, ஏரிக்கரைகள் மனைகளாகிவிட்டன. பழைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம். ஜமீன் பல்லாவரத்தில் இதனால் வீடு கட்டவும் விற்கவும் முடியாமல் தவித்தவர்கள் உண்டு. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவரின் கவலையும் நியாயம். ஒருமுறை தோண்டி எறிந்தால் 15 லட்சம் ஆண்டுக் கணக்கில் ஒரு பக்கம் கிழிந்துபோகும் என்ற கவலையும் நியாயம். இரண்டையும் வைத்துப் பேசி முடிவு காண வேண்டியது அரசாங்கமும் நம்மைப் போன்ற சங்கங்களும்தான்.

அதுவரை நாம் செய்யக்கூடியது சிறியது. விடுமுறையில் பேரன் பேத்திகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். பூண்டி நீர்த்தேக்கப் பக்கம் போனால், அங்கே மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் கற்கால அருங்காட்சியகத்தையும் பாருங்கள். உங்கள் தெருவில் அஸ்திவாரமோ சாக்கடைப் பள்ளமோ தோண்டும்போது, வழக்கத்துக்கு மாறான கல்லோ பானை ஓடோ தென்பட்டால், எடுத்து ஷோகேஸில் வைத்துக்கொள்ள வேண்டாம். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.

குழியிலிருந்து கொட்டிய சரளையைத் தாண்டி அன்று எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். குனிந்து பார்த்தவர் ஒருவர்தான்.