ஊர்க்காசில் எடுத்த படம்



இந்த மலருக்கு விளம்பரம் கேட்டு நாங்கள் மூன்று பேர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். லேத் பட்டறை, வெல்டிங் கடை, டீக்கடை என்று ஒன்றையும் விடவில்லை. சிலர் நூறு ரூபாய் கொடுத்தார்கள். சிலர் அப்புறம் வாங்கப்பா என்று அனுப்பிவிட்டார்கள். ராயபுரம் வந்து சேர்வதற்குள் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னடா இது, ஊரெல்லாம் கை நீட்டுகிறோமே என்று நினைத்தேன்.

அந்த வெட்கத்தைப் போக்கியவர் ஒருவர். இப்படிக் காசு சேர்த்தே ஒரு முழுநீளத் திரைப்படம் எடுத்துவிட்டுப் போனவர். பெயர் ஜான் ஆபிரகாம். இந்தி நடிகர் இல்லை நண்பர்களே, இவர் வேறு!

1937-ல் கேரளத்தில் குட்டநாட்டுப் பக்கம் பிறந்தவர். பட்டப்படிப்பு முடித்து, பெல்லாரியில் எல்.ஐ.சி. உத்தியோகம் பார்த்தார். நம் வீடுகளில் அப்படி ஒரு வேலை கிடைத்தால் தெருவுக்கே மிட்டாய் கொடுப்பார்கள். இவரோ அதை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் வங்காளத்தின் ரித்விக் கட்டக். மக்களின் துயரத்தை மக்களுக்கே காட்டுவதுதான் சினிமா என்பது அவரிடம் கற்ற பாடம்.

1972-ல் முதல் படம், ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’. மாணவர்களே, இந்த வழியே வாருங்கள் என்று அர்த்தம். தலைப்பே நம்மைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை?

அடுத்தது தமிழில்! 1977-ல் வந்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். கதாநாயகன் வேடத்தில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். ஒரு பேராசிரியர் தாயில்லாத கழுதைக்குட்டியை எடுத்து வளர்க்கிறார். அதை அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோகிறார். ஊர் அதன்மேல் பழிபோட்டுக் கொன்றுவிடுகிறது. பிறகு அதே ஊர் அந்தக் கழுதையையே தெய்வமாக்கப் பார்க்கிறது. கறுப்பு வெள்ளையில், பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல் எடுத்த இந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆனால் 1989-ல் தூர்தர்ஷனில் ஒளிபரப்புவதாக அறிவித்தபோது எதிர்ப்பு கிளம்பி, ஒளிபரப்பு நின்றுபோனது. விருது வாங்கிய படம்தான். ஆனாலும் வீட்டுக்குள் வர விடவில்லை!

1984-ல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு சேர்ந்து ‘ஒடேசா’ என்ற மக்கள் திரைப்பட இயக்கத்தைத் தொடங்கினார். முதலாளி இல்லை, விநியோகஸ்தர் இல்லை. தெருவில் கொட்டு அடித்தார்கள். சாப்ளினின் ‘தி கிட்’ படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பார்க்க வந்த ஜனங்கள் கையிலிருந்த சில்லறையைக் கொடுத்தார்கள். அந்தக் காசில் 1986-ல் பிறந்ததுதான் ‘அம்ம அறியான்’. அம்மா அறிவதற்கு என்று பொருள். வயநாட்டில் பிணமாகக் கிடக்கும் ஒரு இளைஞனின் சாவுச் செய்தியை, கொச்சியில் இருக்கும் அவன் தாயிடம் சொல்லப் போகிறான் ஒருவன். வழி நெடுக நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். கடைசியில் ஒரு கூட்டமே அந்தத் தாயின் முன்னால் நிற்கிறது. பணம் சேர்ந்த விதமும் கதை நடந்த விதமும் ஒன்றேதான்!

படம் முடிந்ததும் அதைச் சுமந்துகொண்டு மறுபடியும் ஊர் ஊராகப் போனார்கள். காசு கொடுத்த ஜனங்களுக்கே போட்டுக் காட்டினார்கள்.

1987 மே 31. கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மேலிருந்து விழுந்து ஜான் இறந்துபோனார். வயது ஐம்பது கூட ஆகவில்லை. எடுத்தது நான்கே முழுநீளப் படங்கள்.

இங்கே ஒன்றை மனசைத் திறந்து சொல்ல வேண்டும். ஜானைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அவருடைய தாடியையும், வீடு வாசல் இல்லாமல் அலைந்ததையும், குடியையும்தான் ரசித்து ரசித்துச் சொல்கிறார்கள். குடித்தால்தான் கலைஞன் என்கிற மாதிரி! எனக்கு அதில் சம்மதம் இல்லை. என் அப்பா காசிமேட்டில் லாஞ்சில் போனவர். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். நான் ஒன்பதாவது படிக்கும்போது குடி அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கைவேலை அவரோடு போச்சு. எனக்குக் கற்றுக் கொடுக்க நேரம் இல்லை. ஆகவே ஜான் விழுந்த கதையைப் படித்தபோது எனக்குப் பெருமை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் எத்தனை படம் எடுத்திருப்பார்!

ஆனால் ஜானின் வேலை அவரோடு போகவில்லை. அது ஒரு ஆளின் கையில் மட்டும் இல்லாமல் ஒரு கூட்டத்தின் கையில் இருந்தது. அவர் போன பிறகும் ஒடேசா சத்யன் போன்ற தோழர்கள் ஆவணப்படங்கள் எடுத்தார்கள். கேரளத்தில் அவர் பெயரில் குறும்பட விருதும் கொடுக்கிறார்கள். தனியாகத் தெரிந்து வைத்தது தனியாகவே போய்விடும். பத்துப் பேரோடு பகிர்ந்தது நிற்கும்.

நண்பர்களே! எண்ணூர்ச் சாம்பலையும் துறைமுக லாரிகளையும் பார்த்து வளர்ந்த நம்மிடம் சொல்வதற்குக் கதை இல்லையா என்ன? கேமரா இன்று நம் பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஜானிடமிருந்து பாட்டிலை எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்டியலை எடுத்துக்கொள்வோம்.

அடுத்த வருஷம் மலருக்குக் காசு கேட்க நானே முதலில் கிளம்புவேன். வெட்கப்படாமல்!