குழந்தைகளின் மூச்சைக் காத்த மருத்துவர்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மியூட்டர் அருங்காட்சியகம் என்னும் மருத்துவக் காட்சியகம் உள்ளது. அங்குள்ள ஓர் அலமாரியின் இழுப்பறைகளைத் திறந்தால் பொத்தான்கள், நாணயங்கள், ஊக்குகள், ஆணிகள், எலும்புத் துண்டுகள், விதைகள், கொட்டைகள் ஆகியன வரிசை வரிசையாகக் காணப்படும். மொத்தம் 2,374 பொருள்கள். இவற்றுள் விலையுயர்ந்தது என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய உணவுக்குழலிலோ மூச்சுக்குழலிலோ சிக்கியிருந்தது. பல பொருள்கள் சிறு குழந்தைகளின் உடலுக்குள் இருந்தவை. இவற்றைத் தொகுத்தவர் செவாலியர் ஜாக்சன் என்னும் மருத்துவர்.

செவாலியர் என்பது தமிழர்க்கு ஒரு பிரெஞ்சு விருதின் பெயராகவே பழக்கப்பட்டது. இவருக்கோ அது பெற்றோர் இட்ட பெயர்.

ஜாக்சன் 1865ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதி அது. மெலிந்த உடலும் அமைதியான இயல்பும் கொண்ட அச்சிறுவனைப் பள்ளியில் முரட்டுப் பிள்ளைகள் ஓயாது துன்புறுத்தினர். ஒருமுறை அவனுடைய கண்களைக் கட்டி, கைவிடப்பட்ட சுரங்கக் குழி ஒன்றில் தள்ளிவிட்டனர். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் நாய் மோப்பம் பிடித்துக் கண்டறிந்ததால் அவன் உயிர் தப்பினான். எளியவர் படும் துன்பத்தைக் கண்டால் பொறுக்காத அவருடைய மனம் இத்தகைய நாள்களில்தான் உருவானது எனலாம். வீட்டில் மரவேலையே அவனுக்குத் துணை. இழைத்தும் செதுக்கியும் பழகிய அந்தக் கைகளே பின்னாளில் அவருடைய பெருஞ்செல்வமாயின.

குடும்பத்தில் பணம் போதவில்லை. கண்ணாடிப் பொருள்களிலும் பீங்கானிலும் ஓவியம் தீட்டி ஈட்டிய ஊதியத்தைக் கொண்டு ஜாக்சன் கல்வி பயின்றார். 1886இல் பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று, தொண்டை மருத்துவத்தில் புகழ்பெற்ற மோரல் மெக்கன்சியின் பணிகளைக் கண்டறிந்தார். உணவுக்குழலுக்குள் பார்க்க மெக்கன்சி ஒரு கருவி வைத்திருந்தார். அது அவ்வளவாகப் பயன்படவில்லை. அதனைவிடச் சிறந்த கருவியைச் செய்ய இயலும் என்னும் எண்ணம் இளைஞர் ஜாக்சனின் உள்ளத்தில் வேரூன்றியது.

பிட்ஸ்பர்க் திரும்பி மருத்துவம் பார்க்கத் தொடங்கிய அவர், 1890இல் உணவுக்குழலை நோக்கும் குழாய்க் கருவி ஒன்றை உருவாக்கினார். அதனைக் கொண்டு பெரியவர் ஒருவர் விழுங்கிய செயற்கைப் பல்வரிசையையும், குழந்தை ஒன்று விழுங்கிய நாணயத்தையும் எடுத்தார். மகிழ்ச்சி மிகுதியால் பிற மருத்துவர்களுக்கும் அக்கருவியை அறிமுகப்படுத்தினார். ஆனால் போதிய பயிற்சியின்றி அதனைக் கையாண்டோரால் நோயாளிகளுக்குத் தீங்கு விளைந்தது. தம் கருவியே தீங்குக்குக் காரணமானதை எண்ணி ஜாக்சன் வருந்தினார். கருவியைப் பரப்புவதை நிறுத்திவிட்டு, கற்பவர் முதலில் கையைப் பழக்க வேண்டும் என்பதை உறுதியான நெறியாகக் கொண்டார்.

அந்நாளில் அமெரிக்க வீடுகளில் சோப்புச் செய்யவும் கழிவுநீர்க் குழாய்களைத் துப்புரவு செய்யவும் எரிசோடாவைப் பயன்படுத்தினர். வெண்மையான அப்பொருளைச் சர்க்கரை என்று எண்ணிக் குழந்தைகள் வாயில் இட்டனர். உணவுக்குழல் வெந்து, பின்பு தழும்பேறிச் சுருங்கிவிடும். அவ்வாறு துன்புற்ற ஏழு வயது ஏழைச் சிறுமி ஒருத்தி ஜாக்சனிடம் வந்தாள். பல நாள்களாக ஒரு சொட்டு நீரும் அவள் தொண்டையைக் கடக்கவில்லை. சுருங்கிய குழலை அடைத்திருந்த பொருளை ஜாக்சன் மெல்ல அகற்றினார். செவிலி ஒரு குவளை நீர் கொடுத்தார். வழக்கம்போல் நீர் திரும்பி வந்துவிடும் என்று அஞ்சிய சிறுமி ஒரு சிறு மிடறு பருகினாள். அது உள்ளே சென்றது. இன்னொரு மிடறு பருகினாள். அதுவும் சென்றது. பிறகு குவளையை ஒதுக்கிவிட்டு, மருத்துவரின் கையைப் பற்றி முத்தமிட்டாள். ஜாக்சன் தம் வாழ்நாள் முழுவதும் அதனை மறக்கவில்லை.

உணவுக்குழலைவிட மூச்சுக்குழல் ஆபத்தானது. தொண்டையில் இவ்விரு வழிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுவழியை அடைத்துக்கொள்ளும். உண்ணும்போது சிரித்தாலோ அழுதாலோ ஓடினாலோ, மூச்சை உள்ளிழுக்கும் நொடியில் அம்மூடி திறக்க, உணவுத் துணுக்கு தவறான வழியில் நுழைந்துவிடும். ஜெர்மனியின் குஸ்டாவ் கில்லியன் 1897இல் ஓர் உழவரின் மூச்சுக்குழலில் சிக்கிய எலும்பைக் குழாய் வழியே எடுத்துக் காட்டினார். ஜாக்சன் அவ்வழியை மேலும் செப்பனிட்டார். குழாயின் உள்முனையிலேயே நுண்ணிய மின்விளக்கு ஒன்றைப் பொருத்தினார். கைக்குழந்தைகளுக்காக அவர் பயன்படுத்திய குழாயின் விட்டம் 4 மில்லிமீட்டர் மட்டுமே. அத்துளையின் வழியே பார்த்து, அதன் வழியே நீண்ட இடுக்கியைச் செலுத்தி, உள்ளிருக்கும் பொருளைப் பற்றி இழுக்க வேண்டும்.

கடினமான சிகிச்சைக்கு முன் ஜாக்சன் சிக்கிய பொருளைப் போன்றே மற்றொன்றைத் தேடி எடுப்பார். அதனை இரப்பர்க் குழாய்களால் ஆன மாதிரி உடலுக்குள் இட்டு, எடுத்து எடுத்துப் பழகுவார். இரு கைகளாலும் ஒன்றுபோலப் பணிசெய்யத் தம்மைப் பயிற்றுவித்துக்கொண்டார். கூர்முனை முன்னோக்கிச் சென்றால் சதையைத் துளைக்கும், பின்னால் இழுபட்டு வந்தால் துளைக்காது என்பது அவர் கண்ட விதி. ஆதலால் திறந்த ஊக்கு ஒன்று கூர்முனை மேலாக நின்றால், அதனை இழுப்பதற்கு முன் திருப்பிவிடுவார். தச்சுவேலை கற்றவருக்குத்தான் இத்தகைய பொறுமை வரும் போலும்.

உலோகப் பொருள்கள் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும். அவை சில வேளைகளில் நெடுநாள் அமைதியாகவும் உள்ளே தங்கிவிடும். ஜாக்சன் மிகவும் அஞ்சியது அவற்றை அன்று, வேர்க்கடலையையே. அது சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் தென்படாது. அதிலுள்ள எண்ணெய் குழந்தையின் மென்மையான மூச்சுக்கிளையைப் புண்ணாக்கி வீங்கச் செய்யும். காய்ச்சலும் இருமலும் தோன்றும். ஊறி மென்மையான பருப்பு இடுக்கி பட்டதும் நொறுங்கி, இன்னும் ஆழத்திற்குச் சென்றுவிடும். பெற்றோரை ஏமாற்றும் இயல்பும் இதற்கு உண்டு. முதலில் குழந்தை திணறி இருமும். சற்று நேரத்தில் இருமல் அடங்கும். கடலை வயிற்றுக்குள் போய்விட்டது என்று வீட்டார் ஆறுதல் அடைவர். சில நாள் கழித்து மூச்சில் இழைப்பு ஒலி கேட்கும். அதனை ஆஸ்துமா என்று மருத்துவர்களே தவறாகக் கருதியதுண்டு. இழைப்பெல்லாம் ஆஸ்துமா ஆகிவிடாது என்று ஜாக்சன் தம் மாணவர்களுக்கு வற்புறுத்தினார்.

ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த பின்னும் அவருக்கு நிறைவு ஏற்படவில்லை. எடுப்பதைவிடச் சிக்காமல் காப்பதே பெரிய பணி என அவர் உணர்ந்தார். கடைவாய்ப் பற்கள் முளைக்காத குழந்தை முன்பற்களால் கடலையைக் கடித்துத் துண்டாக்கும், ஆனால் அரைக்க இயலாது. எனவே மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொட்டைப் பருப்பு எதுவும் தரலாகாது, தருவதாயின் நன்கு அரைத்து விழுதாக்கியே தர வேண்டும் என்று அவர் தம் நூலில் விதி வகுத்தார். பொத்தான், நாணயம், ஊக்கு ஆகியவற்றைக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைக்கக் கூடாது என்றும் எழுதினார். பெரியவர்களையும் அவர் விடவில்லை. ஆணியையும் குண்டூசியையும் உதட்டில் கவ்வியபடி வேலை செய்வோரைப் பார்த்தே பிள்ளைகள் அப்பழக்கத்தைக் கற்கின்றனர் என்று கடிந்துகொண்டார். சிக்கிய பொருளை விரலால் துழாவி எடுக்க முயல்வது அதனை இன்னும் உள்ளே தள்ளிவிடும் என்றும் எச்சரித்தார். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் துழாவக் கூடாது என்பது இன்றும் முதலுதவியின் விதியாக உள்ளது.

எரிசோடாச் சிறுமியையும் அவர் மறக்கவில்லை. நச்சுப்பொருள் அடங்கிய டப்பாக்களின் மேல் நஞ்சு என்று தெளிவாக அச்சிட வேண்டும் எனச் சட்டம் கோரிப் பல ஆண்டுகள் போராடினார். உற்பத்தியாளர் பலர் எதிர்த்தனர். இறுதியில் 1927இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். குழாயோ இடுக்கியோ இன்றி ஜாக்சன் செய்த மிகப் பெரிய சிகிச்சை இதுவே எனலாம்.

இவற்றுக்கிடையே காசநோய் அவரை மூன்று முறை படுக்கையில் வீழ்த்தியது. படுத்திருந்த நாள்களிலும் அவர் மருத்துவ நூல் எழுதினார். 1916இல் பிலடெல்பியாவில் குடியேறி, அந்நகரின் ஐந்து மருத்துவக் கல்வி நிலையங்களில் பேராசிரியராக விளங்கினார். பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி ஒன்றின் தலைவராகவும் பணியாற்றினார். மகனும் தந்தையின் துறையிலேயே மருத்துவரானார்.

எடுத்த பொருள்களை ஜாக்சன் உரியவர்களிடம் திருப்பித் தருவதில்லை. சிலர் சினந்துகொண்டதும் உண்டு. எந்தப் பொருள், எந்த வயதினரிடம், எவ்விடத்தில் சிக்கியது என்பதை அடுத்த மருத்துவர் பார்த்துக் கற்க வேண்டும் என்பதே அவர் கருத்து. 1924இல் அத்தொகுப்பை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார்.

முதுமையில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஷ்வெங்க்ஸ்வில் அருகே, பழைய ஆலை ஒன்றை ஒட்டிய இல்லத்தில் ஓவியம் தீட்டியும் மரவேலை செய்தும் வாழ்ந்தார். 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், தம் 92ஆம் வயதில் காலமானார். வேர்க்கடலை குறித்து அவர் வகுத்த மூன்று வயது வரம்பைப் பிற்காலக் குழந்தை மருத்துவர்கள் நான்கு வயதாக உயர்த்தியுள்ளனர்.