ஆடு மேய்த்த அடிமைச் சிறுவன்!



மார்ச் 17ம் தேதி வந்தால் போதும். அயர்லாந்து நாடே பச்சை நிறமாகிவிடும். அன்று அங்கு அரசு விடுமுறை. காலையில் பலர் தேவாலயம் செல்வர். ஷாம்ராக் என்ற சிறு செடியைச் சட்டையில் குத்திக்கொள்வர். நம் புளியாரை போல, அதற்கும் மூன்று இலைகள். தெருவெங்கும் ஊர்வலம், இசை, நடனம்தான்!

இத்தனையும் யாருக்காகத் தெரியுமா? சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன், அதே நாட்டில் அடிமையாக ஆடு மேய்த்த ஒருவருக்காக! அவர்தான் புனித பேட்ரிக்.

பேட்ரிக் அயர்லாந்துக்காரர் அல்ல. பக்கத்துத் தீவான பிரிட்டனில் பிறந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. அவருக்குச் சுமார் 16 வயதானபோது, கொள்ளையர்கள் அவரைப் பிடித்து, அயர்லாந்துக்குக் கொண்டு போய் அடிமையாக்கிவிட்டனர்.

கொட்டும் மழையிலும், உறைபனியிலும் ஆடு மேய்த்தார். கடவுளை வேண்டுவது ஒன்றே அவருக்கு ஆறுதல். ஆறு ஆண்டுகளுக்குப் பின் தப்பி ஓடினார். ஏறத்தாழ 200 மைல் கடந்து, கப்பல் ஏறினார்; பல துன்பங்களுக்குப் பின் வீடு சேர்ந்தார். இனி எங்கும் போகக்கூடாது என்று உறவினர்கள் கெஞ்சினர்.

ஆனால், ஒருநாள் கனவு கண்டார். அயர்லாந்து மக்கள், தங்களிடம் திரும்பி வருமாறு அவரை அழைத்தனர். நீங்களாக இருந்தால் போவீர்களா? பேட்ரிக் போனார்! இம்முறை அடிமையாக அல்ல, ஆயராக. அங்கு பல்லாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

ஒருமுறை, கொரோட்டிகஸ் என்ற தலைவனின் வீரர்கள், அம்மக்களில் சிலரைக் கொன்று, சிலரை அடிமைகளாகப் பிடித்துச் சென்றனர். அடிமையின் வலி பேட்ரிக்குக்குத் தெரியுமே! வீரர்களைக் கண்டித்து, பிடிபட்டவர்களை விடுவிக்கச் சொல்லிக் கடுமையாகக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமும், தன் வாழ்க்கை பற்றி அவர் எழுதியதும் இன்றும் உள்ளன.

மூன்று இலைச் செடியைக் காட்டி அவர் மக்களுக்குப் போதித்தார் என்றும், பாம்புகளை விரட்டினார் என்றும் பிற்காலத்தில் கதைகள் எழுந்தன. உண்மையில், பனியுகம் முடிந்த காலத்திலிருந்தே அங்கு பாம்புகள் இல்லை!

மார்ச் 17, அவர் மறைந்த நாளாகக் கருதப்படுகிறது. தன்னை அடிமைப்படுத்திய மக்களை அவர் வெறுக்கவில்லை. அயல்நாட்டில் பிறந்த அவரைத் தங்கள் காவல் புனிதராக அயர்லாந்து மக்கள் போற்றுகின்றனர்.

உலக வரைபடத்தில் அயர்லாந்து எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்களேன்!