யார் இந்த டி.ஏ.மதுரம்? கணவர் சிறையில், நாடகக் குழு தோளில்... ஒரு சிரிப்பு நடிகையின் கதை

டிவியில் பழைய கறுப்பு வெள்ளை காமெடி ஓடும்போது என்.எஸ்.கிருஷ்ணனை எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வோம். பக்கத்தில் நின்று அவரையே மடக்கிப் பேசும் அந்தப் பெண் யார்? அவர்தான் டி.ஏ.மதுரம்.

பெயரைப் பார்த்து மதுரைக்காரரோ என்று தோன்றலாம். இல்லை, ஸ்ரீரங்கத்தில் 1918-ல் பிறந்தவர். 1935-ல் 'ரத்னாவளி' படத்தில் அறிமுகம். மதுரைத் தொடர்பு உள்ளவர் அவர் கணவர்தான். நாகர்கோவில்காரரான கிருஷ்ணன், டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவில் நடித்து வளர்ந்தவர்.

புனேயில் தொடங்கிய ஜோடி

1936-ல் வெளியான 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காக புனே போனபோதுதான் இருவருக்கும் பழக்கம். அது கல்யாணத்தில் முடிந்தது. கிருஷ்ணன் ஏற்கெனவே மணமானவர். பிறகு மதுரத்தின் தங்கை வேம்புவையும் அவர் மணந்தார்.

அப்போ நகைச்சுவைப் பகுதியைத் தனிக் கதையாக எழுதி, தனியாகப் படமெடுத்து, படத்தோடு சேர்ப்பது வழக்கம். 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'ஹரிதாஸ்' என இந்த ஜோடி இருந்தாலே கூட்டம் வரும். மதுரம் அதில் சும்மா அடி வாங்கும் பாத்திரம் இல்லை. எதிர்க்கேள்வி கேட்பார், கேலி செய்வார், சரிக்குச் சரி பாடுவார்.

எல்லாம் தலைகீழான 1944

அந்த ஆண்டு நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைதானார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. அடுத்த வழி, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அதற்குப் பெரும் பணம் வேண்டும்.

இனி சிரிப்புக் காட்ட முடியுமா என்று ஒடுங்கிப்போகவில்லை மதுரம். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். உள்ளே கணவர், வெளியே நம்பி நிற்கும் கலைஞர்கள், நடுவே வழக்குச் செலவு. இத்தனைக்கும் நடுவே மேடையேறினார்.

விடுதலையும் இரட்டை வேடமும்

பிரிவி கவுன்சில் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். அதற்குள் கிருஷ்ணனின் சொந்த நிறுவனத்துக்காக 'பைத்தியக்காரன்' படம் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்ததும் அவருக்கும் ஒரு பாத்திரம் சேர்த்தார்கள். அவருக்கு ஜோடி வேண்டுமே? மதுரமே இரட்டை வேடம் போட்டார்!

வழக்குக்குப் பிறகு பாகவதரின் மார்க்கெட் பழையபடி எழவில்லை. கிருஷ்ணன்-மதுரம் ஜோடிக்கோ 'சந்திரலேகா', அண்ணா எழுதிய 'நல்லதம்பி', கிருஷ்ணனே இயக்கிய 'மணமகள்' என்று வரிசையாகப் படங்கள். அந்த இரண்டரை வருஷமும் மதுரம் குழுவைக் கலையாமல் காத்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கடைசி வருடங்கள்

1957 ஆகஸ்ட் 30-ல் கிருஷ்ணன் காலமானார். வாரி வாரிக் கொடுத்தவர் என்பதால் பெரிய சேமிப்பு எதுவும் இல்லை. மதுரம் 1974-ல் மறைந்தார்.

அடுத்த தடவை டிவியில் அந்த ஜோடி வந்தால், கொஞ்சம் மதுரத்தையும் கவனியுங்கள். கலைவாணர் திரும்பி வர ஒரு மேடை மிச்சம் இருந்தது என்றால், அதைக் காத்தவர் அவர்தான்.