அதோனிராம் ஜட்சன்: தாமதித்து வந்த ஆறுதல்

அமெரிக்கரான அதோனிராம் ஜட்சன், 1813 இல் மனைவி ஆனுடன் மிஷனரியாகப் பர்மாவுக்கு வந்தார். போர்க்காலத்தில் அவர் சிறையில் வாடியபோது உணவு கொண்டுசென்று உயிர் காத்தவர் ஆன். 1826 ஒக்டோபரில், ஜட்சன் வெளியூர் சென்றிருந்த வேளையில், ஆன் காய்ச்சலால் இறந்தார். ஆறு மாதங்களில் இரண்டு வயது மகள் மரியாவும் பிரிந்தாள்.

ஜட்சனுக்கு ஆறுதல் உடனே வரவில்லை. காட்டில் குடிசை அமைத்துத் தனித்திருந்தார். குழியொன்றை வெட்டி, அதனருகே அமர்ந்து தம் மரணத்தையே நினைத்தார். கடவுளை நம்பினார், ஆனால் அவரைக் காணமுடியாமல் தவித்தார். ஆயினும் செபத்தைக் கைவிடவில்லை. மெல்ல மெல்ல மக்களிடமும் ஊழியத்திடமும் திரும்பினார். 1834 இல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார்.

பிள்ளையை இழந்த தாயிடம், விசுவாசமிருந்தால் அழக்கூடாதென்று உறவினர் சொல்வதை வைத்தியர்களாகிய நாம் விடுதிகளில் அடிக்கடி கேட்கிறோம். ஜட்சனின் வாழ்வு அப்படிச் சொல்லவில்லை. ஆறுதல் தாமதிப்பது விசுவாசக் குறைவல்ல. சங்கத்தின் நூற்றாண்டு மகிழ்ச்சியிலும் துக்கத்தோடிருக்கும் நம் தோழியரை அவசரப்படுத்தாமல், அவர்கள் அருகில் இருப்போம்.