ஜான் கேரண்ட்

ஜான் கேன்டியஸ் கேரண்ட் (ஜனவரி 1, 1888 - பெப்ரவரி 16, 1974) கனடாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கக் காலாட்படையின் முதன்மை ஆயுதமாக விளங்கிய எம்1 துப்பாக்கியை வடிவமைத்தவர் இவரே. ஒரு நாட்டின் காலாட்படை முழுமைக்கும் பொதுத் துப்பாக்கியாக வழங்கப்பட்ட முதல் அரைத்தானியங்கித் துப்பாக்கி இதுவாகும். 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்ட போதிலும், இதற்கென உரிமத்தொகையாக இவர் ஒரு டாலர்கூடப் பெறவில்லை.

பெயர்

இவர் கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சு மொழி பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்தவர், இயற்பெயர் ழான். இவரது குடும்பப் பெயரைப் பலரும் இரண்டாம் அசையை அழுத்திக் கராண்ட் என்று ஒலிப்பர். குடும்பத்தினர் முதல் அசையை அழுத்திக் கேரண்ட் என்றே ஒலித்ததாகக் கூறப்படுகிறது. துப்பாக்கிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டதால், சரியான ஒலிப்பு எது என்ற விவாதம் துப்பாக்கி ஆர்வலர்களிடையே இன்றும் ஓயவில்லை.

இளமை

கேரண்ட் மொன்றியால் நகருக்குத் தெற்கேயுள்ள சேன்-ரெமி என்னும் ஊரில், பிள்ளைகள் பலரைக் கொண்ட வேளாண் குடும்பத்தில் பிறந்தார். 1899 ஆம் ஆண்டில் தாயார் இறந்தார். அதன் பின்னர் தந்தை பிள்ளைகளுடன் எல்லை கடந்து கனெடிகட் மாநிலத்தின் ஜூவெட் சிட்டி என்னும் ஆலை நகரில் குடியேறினார். அங்கே சிறுவன் கேரண்ட் நெசவாலை ஒன்றில் தரை பெருக்கும் வேலையில் சேர்ந்தார். அவர் ஆங்கிலம் கற்றது அந்த ஆலையில்தான். ஓய்வு நேரத்தில் ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துப் பழகி, அங்கேயே இயந்திரப் பணியாளராக உயர்ந்தார்.

பின்னர் ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்சு நகரில், நுண்ணளவுக் கருவிகளுக்கும் பொறிக்கருவிகளுக்கும் பெயர்பெற்ற பிரவுன் அண்ட் சார்ப் நிறுவனத்தில் பணியாற்றினார். கேரண்டின் பிற்கால வெற்றியைப் புரிந்துகொள்ள இந்தப் பயிற்சி முக்கியமானது. அவர் முதலில் பொறிக்கருவி செய்பவர். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆனது அதன் பின்னரே. துப்பாக்கி மீதான ஆர்வம் இலக்குச் சுடும் பொழுதுபோக்கிலிருந்து வந்தது.

படைக்கலச் சாலையில்

1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியபோது, இலேசான இயந்திரத் துப்பாக்கி ஒன்றுக்கான வடிவமைப்புகளை இராணுவம் வரவேற்றது. கேரண்ட் அனுப்பிய வடிவமைப்பு கவனம் பெற்றது. அதனை மேம்படுத்துவதற்காக வாசிங்டனிலிருந்த தர நிர்ணயச் செயலகத்தில் அவருக்கு இடம் அளிக்கப்பட்டது. மாதிரி தயாரானபோது போர் முடிந்துவிட்டது. ஆயினும் அவரது திறமையைக் கண்ட இராணுவம், 1919 நவம்பரில் மாசச்சூசெட்சு மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் படைக்கலச் சாலையில் அவரைப் பணியில் அமர்த்தியது. எஞ்சிய பணிக்காலம் முழுவதையும் அவர் அங்கேயே கழித்தார்.

அப்போது அமெரிக்கப் படையினர் பயன்படுத்தியது 1903 ஆம் ஆண்டின் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கி ஆகும். ஒவ்வொரு முறை சுட்ட பின்னரும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். ஜெர்மனியின் மவுசர் காப்புரிமைகளை ஒட்டி அமைந்திருந்ததால், அந்நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு உரிமத்தொகை செலுத்த நேர்ந்த துப்பாக்கி அது. விசையை அழுத்தும்போதெல்லாம் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி வேண்டும் என்பது இராணுவத்தின் விருப்பம். அதனை ஒரு வீரர் நாள் முழுவதும் சுமக்கக்கூடிய எடையிலும், சேற்றிலும் மழையிலும் நம்பத்தக்கதாகவும், இலட்சக்கணக்கில் செய்யக்கூடியதாகவும் உருவாக்குவதே கடினமாக இருந்தது.

மாறிக்கொண்டே இருந்த தோட்டா

கேரண்டின் முதல் துப்பாக்கிகள் பிரைமரின் விசையால் இயங்கின. தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியே பிரைமர் ஆகும். வெடிக்கும் கணத்தில் அது சற்றே பின்னோக்கி உந்தப்படும். அந்த அசைவைக் கொண்டே போல்ட்டின் பூட்டை அவர் திறக்கச் செய்தார். 1920களின் நடுப்பகுதியில் இராணுவம் தனது தோட்டாவை மாற்றியது. புதிய தோட்டாவின் வெடிமருந்து எரியும் விதம் வேறு. பிரைமரும் அசையாதவாறு இறுக்கப்பட்டது. கேரண்டின் பல ஆண்டு உழைப்பு இதனால் பயனற்றுப் போனது.

அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை வெடிப்பில் எழும் வளிமத்தின் ஒரு பகுதியைக் குழல் வாயின் அருகே ஓர் உருளையில் பிடித்து, அதன் அழுத்தத்தால் நீண்ட தண்டு ஒன்றைப் பின்னோக்கித் தள்ளினார். தண்டு போல்ட்டைச் சுழற்றித் திறக்க, வெற்று உறை வெளியே எறியப்படும். பின்னர் சுருள்வில் தண்டை முன்தள்ள, அடுத்த தோட்டா ஏறும்.

இதே காலத்தில் ஜான் பெடர்சன் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அழைக்கப்பட்டிருந்தார். பெடர்சனுக்குச் சம்பளத்துடன் உரிமத்தொகைக்கும் ஒப்பந்தம் இருந்தது. கேரண்டோ மாதச் சம்பளம் பெறும் அரசுப் பணியாளர். பெடர்சன் 0.276 அங்குல (7 மி.மீ.) விட்டமுள்ள சிறிய தோட்டாவையும் அதற்கேற்ற துப்பாக்கியையும் முன்வைத்தார். பழைய 0.30 அங்குலத் தோட்டாவைவிட இது இலேசானது, அதிர்வும் குறைவு. 1928 இல் மயக்கமூட்டப்பட்ட பன்றிகள் மீது நடத்தப்பட்ட சோதனைகள், வழக்கமான போர்த் தொலைவுகளுக்குச் சிறிய தோட்டாவே போதும் என்று காட்டின. ஆனால் பெடர்சனின் துப்பாக்கி சீராக இயங்க, தோட்டாக்களுக்கு மெழுகுப் பூச்சு தேவைப்பட்டது. போர்க்களத்துக்குச் செல்லும் பொருளுக்கு இது ஐயத்துக்குரிய ஏற்பாடு. 1931 இல் நடந்த போட்டியில், அதே 0.276 தோட்டாவுக்குக் கேரண்ட் அமைத்த, 10 தோட்டாக்கள் கொள்ளும் துப்பாக்கி தெளிவாக வென்றது. பெடர்சனின் தோட்டாவைக் கொண்டே பெடர்சனை அவர் வென்றார் எனலாம்.

1932 ஜனவரியில் அத்துப்பாக்கியை ஏற்குமாறு ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. அடுத்த மாதமே படைத்தலைமை அதிகாரி ஜெனரல் டக்ளஸ் மக்கார்தர் தோட்டா மாற்றத்தை மறுத்துவிட்டார். கிடங்குகளில் 0.30 தோட்டாக்கள் பெருமளவில் இருந்தன. இயந்திரத் துப்பாக்கிகளும் அதே தோட்டாவையே பயன்படுத்தின. நாடு பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. 0.276 பணிகள் அனைத்தையும் உடனே நிறுத்துமாறு பெப்ரவரி 25 அன்று ஆணை வந்தது. இம்முடிவு சரியா என்பது பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. சிறிய தோட்டாவே சிறந்தது என்ற கருத்துக்குப் பல படைகளும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தன என்பது உண்மை. ஆனால் பணமில்லாத இராணுவம் ஒன்று 1932 இல் இரண்டு வகைத் தோட்டாக்களைப் போர்முனைக்கு அனுப்பும் சுமையை ஏற்றிருந்தால், புதிய துப்பாக்கித் திட்டமே கைவிடப்பட்டிருக்கலாம்.

கேரண்டைப் பொறுத்தவரை, இரண்டாம் முறையாக அவரது துப்பாக்கியின் தோட்டா பறிக்கப்பட்டது. 0.30 அங்குலத்தில் அவர் செய்திருந்த மாதிரி ஒன்று 1931 அக்டோபரில் போல்ட் விரிசல் கண்டு சோதனையிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. போல்ட்டை அவர் திருத்தியமைத்தார். பெரிய தோட்டா என்பதால் கொள்ளளவு 10 இலிருந்து 8 ஆகக் குறைந்தது. இத்துப்பாக்கி 1933 ஆகத்து 3 அன்று எம்1 என்று பெயரிடப்பட்டது. 1934 மே மாதத்தில் 75 துப்பாக்கிகள் காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் சோதனைக்காக வழங்கப்பட்டன. குறைகள் பல தெரியவந்தன; மீண்டும் திருத்தங்கள் செய்யப்பட்டன. 1936 ஜனவரி 9 அன்று எம்1 இராணுவத்தின் பொதுத் துப்பாக்கியாக ஏற்கப்பட்டது. கேரண்ட் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து 16 ஆண்டுகள் கடந்திருந்தன.

உற்பத்திச் சிக்கல்கள்

ஏற்பு ஆணை வந்த பின்னரும் படையினரின் கைக்குத் துப்பாக்கி வந்து சேரவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டின் இயந்திரங்கள் பல முதலாம் உலகப் போருக்கும் முற்பட்டவை. புதிய துப்பாக்கியின் சிக்கலான பாகங்களைத் துல்லியமாகவும் விரைவாகவும் வெட்ட அவற்றால் இயலவில்லை. இங்கேதான் கேரண்டின் பழைய தொழில் கைகொடுத்தது. பாகங்களைச் செதுக்கும் பொறிகளையும் அவற்றைப் பிடித்து நிறுத்தும் சட்டங்களையும் அவரே வடிவமைத்தார். அவரது வாழ்வில் குறைவாகப் பேசப்படும் பகுதி இது. ஆனால் துப்பாக்கியை வடிவமைத்ததற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. 1937 செப்டெம்பரில் நாளொன்றுக்கு 10 என்ற அளவில் தொடங்கிய உற்பத்தி, இரண்டு ஆண்டுகளில் 100 ஆனது. 1941 ஜனவரியில் 600 ஐ எட்டியது.

இதற்கிடையில் குறைகளும் வெளிப்பட்டன. வளிமத்தைக் குழல் முனையில் பிடிக்கும் அமைப்பில் கரி படிந்தது. முன்குறி உறுதியாக நிற்கவில்லை. எனவே குழலின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு வளிமத்தை எடுக்கும் அமைப்பு 1940 இல் உற்பத்திக்கு வந்தது. முன்னர் வழங்கப்பட்டவை திரும்பப் பெற்றுத் திருத்தப்பட்டன. இன்னொரு குறை வினோதமானது. எட்டுத் தோட்டாக்களில் ஏழாவது மட்டும் அடிக்கடி சிக்கிக்கொண்டது. வடிவமைப்பில் பிழை தேடிப் பயனில்லை. இறுதியில், தோட்டாவுக்கு வழிகாட்டும் உட்புற விளிம்பு ஒன்று தொழிற்சாலையில் தவறுதலாகக் கூடுதலாக வெட்டப்பட்டதே காரணம் என்று தெரிந்தது.

இச்செய்திகள் வெளியே பரவியபோது, மெல்வின் ஜான்சன் என்பவர் தனது துப்பாக்கியே மேலானது என்று வாதிட்டார். ஜான்சன் ஒரு வழக்கறிஞர். மரைன் படையின் சேமப் பிரிவு அதிகாரி. 1940 இல் இது செய்தித்தாள்களிலும் அமெரிக்கப் பேரவையிலும் பெரும் சர்ச்சையானது. ஐரோப்பாவில் பிரான்சு வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. உற்பத்தியில் இருக்கும் துப்பாக்கியை நிறுத்திவிட்டு வேறொன்றுக்குக் கருவிகள் அமைத்தால் ஆண்டுகள் வீணாகும் என்பதால் இராணுவம் எம்1 ஐ விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மரைன் படை சான் டியேகோவில் நடத்திய கடும் ஒப்பீட்டுச் சோதனைகளின் பின்னர், அப்படையும் எம்1 ஐ ஏற்றது. சர்ச்சையில் கேரண்ட் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார்.

போரில் எம்1

சுமார் 4.3 கிலோகிராம் எடையுள்ள எம்1 இல், எட்டுத் தோட்டாக்கள் அடங்கிய உலோகக் கிளிப் ஒன்று மேலிருந்து அப்படியே அழுத்தப்படும். கடைசித் தோட்டா சுடப்பட்டதும் கிளிப் கணீரென்ற ஓசையுடன் வெளியே தெறிக்கும். ஏற்றும்போது கவனம் தவறினால் போல்ட் முன்பாய்ந்து கட்டைவிரலை நசுக்கும். அக்காயம் எம்1 கட்டைவிரல் என்றே அழைக்கப்பட்டது. பாதி சுட்ட கிளிப்பில் தோட்டாக்களைச் சேர்ப்பது எளிதன்று என்பதும் ஒரு குறை.

ஆயினும் போல்ட் துப்பாக்கி வைத்திருந்த எதிரியைவிட எம்1 ஏந்திய வீரர் வேகமாகவும், இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமலும் சுட முடிந்தது. ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் அரைத்தானியங்கிகளைச் செய்தன. ஆனால் காலாட்படை முழுவதற்கும் அவற்றால் வழங்க இயலவில்லை. 1941-42 இல் பிலிப்பைன்சின் பட்டான் மூவலந்தீவில் எம்1 முதல் பெரும் சோதனையைச் சந்தித்தது. அங்கே படைகளுக்குத் தலைமை தாங்கி, துப்பாக்கியைப் பாராட்டி அறிக்கை அனுப்பியவர் அதே மக்கார்தர். ஜெனரல் ஜார்ஜ் பேட்டனும் 1945 இல் இதனை மிக உயர்வாகப் புகழ்ந்து எழுதினார்.

போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டும் வின்செஸ்டர் நிறுவனமும் சேர்ந்து சுமார் 40 இலட்சம் துப்பாக்கிகளைச் செய்தன. இவற்றில் பெரும்பங்கு ஸ்பிரிங்ஃபீல்டுடையது. அங்கு பணியாற்றியவர்களில் கணிசமானோர் பெண்கள். கொரியப் போரின்போது உற்பத்தி மீண்டும் தொடங்கி 1957 வரை நீடித்தது.

ஊதியமும் பரிசும்

கேரண்ட் 1936 இல் தனது கண்டுபிடிப்பின் உரிமைகளை அமெரிக்க அரசுக்கு அளித்துவிட்டார். அரசுச் சம்பளம் மட்டுமே அவருக்குக் கிடைத்தது. அவருக்கு ஒரு இலட்சம் டாலர் வழங்க வகைசெய்யும் மசோதா ஒன்று அமெரிக்கப் பேரவையில் கொண்டுவரப்பட்டது; அது நிறைவேறவில்லை. 1944 இல் தகுதிப் பதக்கம் அளிக்கப்பட்டது. மவுசர் நிறுவனத்துக்கு உரிமத்தொகை தந்த அதே அரசு, தன் பணியாளருக்குப் பதக்கத்தோடு நிறுத்திக்கொண்டது.

தனி வாழ்க்கை

கேரண்ட் 1930 இல் நெல்லி என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். அதிகம் பேசாத இயல்பினர். பனிச்சறுக்காட்டத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர், ஒரு குளிர்காலத்தில் தன் வீட்டு வரவேற்பறையில் நீர் தேக்கி உறையவைத்து அங்கேயே சறுக்கியதாக ஒரு கதை வழங்குகிறது.

இறுதிக் காலம்

போருக்குப் பின்னர், பிரித்தெடுக்கக்கூடிய 20 தோட்டாப் பெட்டியும் தொடர்ந்து சுடும் வசதியும் கொண்ட வடிவங்களில் கேரண்ட் உழைத்தார். அவ்வழியில் உருவான எம்14 துப்பாக்கி 1957 இல் எம்1 இன் இடத்தைப் பெற்றது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1953 இல், அவர் ஓய்வு பெற்றிருந்தார். எம்14 நெடுநாள் நிலைக்கவில்லை. 1960களில் சிறிய தோட்டாவைப் பயன்படுத்தும் எம்16 அதனை அகற்றியது. 1968 இல் ஸ்பிரிங்ஃபீல்ட் படைக்கலச் சாலை மூடப்பட்டது. அதே நகரில் 1974 பெப்ரவரி 16 அன்று கேரண்ட் காலமானார். சாலையின் பழைய கட்டடம் பின்னர் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டு, அங்கு அவரது மாதிரித் துப்பாக்கிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.