புள்ளியியல் அறிஞர் யூல்

புள்ளியியல் பயிலும் மாணவர் எவரும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடக் கற்பர். அதனை எப்போது நம்பலாகாது என்று கற்போர் சிலரே. அந்த எச்சரிக்கையை அழுத்தமாக விடுத்தவர் ஜார்ஜ் உட்னி யூல்.

இவர் 1871 பிப்ரவரி 18இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். தந்தையார் இந்திய ஆட்சிப்பணியில் இருந்தவர். தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னலுடன் சேர்ந்து 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியைத் தொகுத்த ஹென்றி யூல் இவருக்குச் சிற்றப்பா. இவர் லண்டனில் பொறியியல் பயின்றார். ஜெர்மனியில் ஹெர்ட்ஸிடம் மின் அலைகளை ஆராய்ந்தார். 1893இல் கார்ல் பியர்ஸனிடம் பணியேற்றார். அதன்பின் புள்ளியியலே வாழ்வாயிற்று.

1899இல் இங்கிலாந்தின் வறுமை நிவாரணத்தை ஆராய்ந்தார். ஒரே வட்டாரங்களை 1871, 1881, 1891 ஆகிய ஆண்டுகளில் ஒப்பிட்டு, வீட்டிலிருப்போர்க்கு அளித்த உதவி மிகுந்தால் உதவி பெறுவோர் தொகையும் மிகுவதாகக் கண்டார். ஆயினும் காரணம் என்று தாம் எழுதியதைத் தொடர்பு என்றே கொள்ளவேண்டுமென அடிக்குறிப்பில் காத்துக்கொண்டார். ஏழையின் உணவு தொங்கிய கணக்கல்லவா அது!

1926இல் வெளிவந்த கட்டுரையில் அந்த ஐயத்தை முழுமையாக விளக்கினார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதமும் நாட்டின் இறப்பு விகிதமும் 0.95 ஒட்டுறவு காட்டின. திருமணமா உயிரைப் பறித்தது? இரண்டும் ஆண்டுதோறும் தாழ்ந்து வந்தன, அவ்வளவே. ஓராண்டின் எண் முந்திய ஆண்டின் எண்ணைச் சார்ந்திருப்பின், 46 ஆண்டுகள் 46 தனிச் சாட்சிகள் ஆகா. 1927இல் சூரியப்புள்ளிகளை ஆராய்ந்து, முந்திய ஈராண்டுகளின் எண்களைக்கொண்டே ஓராண்டின் எண்ணை விளக்கும் சமன்பாட்டை அமைத்தார்.

1931இல் ஓய்வுபெற்றபின், அறுபது வயதைக் கடந்தும் விமானம் ஓட்டக் கற்றார். 1951 ஜூன் 26இல் மறைந்தார். எச்சங்களின் தொடர் ஒட்டுறவைச் சோதிக்கும் டர்பின்-வாட்ஸன் முறையின் இரண்டாம் கட்டுரை வெளிவந்ததும் அவ்வாண்டே. அடுத்தடுத்த எச்சங்கள் ஒத்திருந்தால் அவ்வளவை 2க்குக் கீழே தாழும். 1982இல் அம்முறை பேனல் தரவுக்கும் விரிவாக்கப்பட்டது.

நண்பர்களே, மாநிலந்தோறும் பல்லாண்டுத் தரவைத் திரட்டி, ஓர் உதவித் திட்டம் பயன் தந்ததா என ஆராய்வோர் நம்மிடையே பலர். இச்சோதனையை விட்டுவிட்டால் திட்டப் பிழை பெரும்பாலும் சிறுத்துக் காட்டும்; இல்லாத விளைவும் உறுதிபோல் தோன்றும். அம்முடிவின்பேரில் ஓர் ஏழையின் அரிசி நின்றுபோகவும் கூடும். முடிவை எழுதுமுன் எச்சங்களை நோக்குவோமாக.